வராத வாகனத்தின் விலை

சந்தைக்கு இன்னும் வராத ஒரு பொருள், சந்தையில் இருக்கும் பொருளின் விலையை அசைத்துவிடும். வெங்காய வியாபாரிகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கலேவெல, தம்புள்ளைப் பக்கம் பெரிய வெங்காய அறுவடை நெருங்குகிறது என்ற பேச்சு எழுந்தாலே போதும், இந்திய வெங்காயத்தை மூட்டைமூட்டையாக வாங்கி வைத்தவரின் முகம் மாறிவிடும். அறுவடைக்கு முன்னரே பேச்சு வேலை செய்கிறது.

வாகனத்திலும் இதே கதைதான். எங்கள் பல்லேபொல சந்தியில் நிற்கும் பையன்களைக் கேட்டால் ஜப்பான்காரன் அடுத்த வருடம் எந்த மொடலை விடப் போகிறான், அதில் எத்தனை சிலிண்டர், டேர்போ உண்டா, ஹைபிரிட்டா என்றெல்லாம் ஒப்புவிப்பார்கள். அவர்களில் பலரிடம் மோட்டார் சைக்கிள்கூடக் கிடையாது. ஆசைப்படுவதற்குக் காசு தேவையில்லை, அதில் குற்றமும் இல்லை. ஆனால் அதே பேச்சைக் கேட்டுவிட்டு வியாபாரி தன் முதலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது விடயம் வேறு. அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வெளிநாட்டுப் பாடம் ஒன்று. அமெரிக்காவின் ஃபோர்ட் கம்பனி 1908 முதல் ஒரே 'மொடல் டீ' காரை விற்று வந்தது. ஒன்றரைக் கோடி கார்கள். 1927 மே மாதம் அதை நிறுத்திவிட்டு, புதியது வரும் என்றது. அந்தப் புதிய 'மொடல் ஏ' மக்கள் கண்ணில் பட்டது 1927 டிசம்பர் 2ஆம் திகதி. இடையில் ஆறு மாதம். என்ஜின் இரட்டிப்பு வலுவாம், நாலு சக்கரத்துக்கும் பிரேக்காம் என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. காரைப் பார்க்காமலேயே முன்பணம் கட்டியவர்கள் இலட்சக்கணக்கில். கார் வந்தபோது பேச்சுக்கு ஏற்றபடி நல்லதாகவே இருந்தது. ஆனால் அந்த ஆறு மாதமும் ஃபோர்ட் முகவர்களின் கடைகளில் விற்பதற்குப் புதிய வண்டி இல்லை. கடை வாடகையும் ஆட்கூலியும் புதிய மொடலுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த வருடம் செவர்லே முந்திக்கொண்டது. கம்பனிக்காரன் தாங்கிக்கொண்டான், அவனிடம் பணம் இருந்தது. அடிபட்டது சிறு முகவர்.

இனி நமக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தியாவுக்கு வருவோம். அங்கே இரண்டு காத்திருப்புகள் நடந்தன. 1983இல் மாருதி 800க்கு முற்பதிவு திறந்தபோது ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் பணம் கட்டினார்கள். 1983 டிசம்பரில் முதல் கார் கைமாறியது. பின்னர் 2008 ஜனவரியில் டாட்டா நிறுவனம் டெல்லிக் கண்காட்சியில் நானோவைக் காட்டியது. ஓர் இலட்சம் இந்திய ரூபாவுக்குக் கார் என்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 2009இல் முற்பதிவு செய்தவர்கள் இரண்டு இலட்சம் பேருக்கு மேல். முதல் தொகுதிக்குக் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

மாருதி 800 முப்பது வருடம் ஓடியது, நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடுகிறது. நானோ 2011இல் இலங்கைக்கும் வந்தது, 2018இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. ஏன் இந்த வித்தியாசம்? சிங்கூரில் தொழிற்சாலைக் காணிப் பிரச்சினை, குஜராத்துக்கு இடம் மாறியது, சில கார்கள் தீப்பிடித்த செய்தி, 'ஏழையின் கார்' என்ற பெயரைச் சுமக்க யாரும் விரும்பாதது என்று காரணங்கள் பல சொல்வார்கள். என் கண்ணுக்குப் படுவது என்ஜின். மாருதியின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின், சுசுகி நிறுவனம் ஏற்றுமதிக் கார்களில் ஏற்கெனவே போட்டு ஓட்டிப் பார்த்தது. காத்திருந்தவர்களுக்குக் கார் புதிது, என்ஜின் பழையது. நானோவின் இரண்டு சிலிண்டர், 624 சி.சி. என்ஜின் அந்தக் காருக்கென்றே பிறந்தது. முதலில் வாங்கியவர்தான் அதன் சோதனைச்சாலை.

அதே டாட்டா 2005இல் வெளியிட்ட ஏஸ் சிறிய லொறியைப் பாருங்கள். நாம் 'டிமோ பட்டா' என்று பெயர் வைத்துக்கொண்டோமே, அதுதான். 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல். ஆனால் அது வெறுங்கையில் பிறந்த என்ஜின் அல்ல. இன்டிகா காரின் 1,405 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜினைப் பாதியாக்கியது போன்றது. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் விடியற்காலை போய் நின்றால், கோவாவும் பூசணியும் ஏற்றிக்கொண்டு எத்தனை பட்டா வெளியேறுகிறது என்று எண்ணலாம். அந்தச் சின்ன வண்டி எத்தனை குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

வேன்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரியும். 'டொல்பின்' என்று நாம் சொல்லும் பழைய ஹையேஸின் 3எல் என்ஜின், 2,779 சி.சி., சாதாரண பம்ப். எந்த ஊர் பாஸும் மரத்தடியில் வைத்துக் கழற்றிப் பூட்டுவார். 2004இல் புதிய ஹையேஸ் வந்தது, நம் கே.டீ.எச். அதன் 1கேடீ என்ஜின் கொமன் ரெயில் முறை. இழுவை அதிகம், சத்தம் குறைவு. ஆனால் டீசலில் கொஞ்சம் தண்ணீரோ அழுக்கோ கலந்தால் இன்ஜெக்டர் போய்விடும், அதைப் பார்க்கக் கணினி வேண்டும். இன்று நல்ல வேன் என்று அதைத்தான் தேடுகிறார்கள். இன்ஜெக்டர் வேலை செய்யும் இடங்கள் பெருகி, பஞ்சிகாவத்தையில் பாகங்கள் தாராளமாகக் கிடைத்த பிறகுதான் நம் பக்கத்து ஆட்கள் பயமில்லாமல் வாங்கினார்கள். புது என்ஜின் எப்படி என்று எங்கள் பகுதி பாஸ் ஒருவரிடம் கேட்டால் சிங்களத்தில் ஒரே பதில்தான் சொல்வார்: "முதலாளி, முதலில் பத்து வண்டி பழுதாகி வரட்டும். பிறகு சொல்கிறேன்."

நம் நாட்டில் என்ஜின் பேச்சு வெறும் பொழுதுபோக்கும் அல்ல. உற்பத்தி வரி என்ஜினின் சி.சி. அளவைப் பார்த்தே விழுவதால், சி.சி. என்பது நமக்கு நேரடியாகப் பணம். ஜப்பானில் சின்னக் கார்களுக்குச் சலுகை உண்டு, அதற்கான எல்லை 1990 முதல் 660 சி.சி. அதனால்தான் வேகன் ஆர் 658 சி.சி.யில் நிற்கிறது. அவர்கள் சட்டத்துக்காகச் செய்த என்ஜின், நம் சட்டத்தில் ஆயிரத்துக்குக் கீழே விழுந்ததால் இங்கே குவிந்தது. 2018இல் இங்கே வரியும் எல்.சி. வைப்பும் கூட்டப்பட்டபோது கணக்கு மாறியது. டொயோட்டா ரைஸ் 996 சி.சி. டேர்போவோடு 2019 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. நம் பையன்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. ஐந்து வருடம்! அதற்குள் ரைஸ் ஹைபிரிட் ஒன்று 2021இல் வந்தது. ஆனால் அதன் என்ஜின் 1,196 சி.சி., ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. போதாததற்கு அதைச் செய்து கொடுக்கும் டைஹட்சு கம்பனி, பரிசோதனைகளில் தில்லுமுல்லு செய்தது வெளியாகி 2023 டிசம்பரில் எல்லா மொடல்களையும் அனுப்புவதை நிறுத்த வேண்டியதாயிற்று. காத்திருப்பவன் கணக்கில் இதெல்லாம் எங்கே இருந்தது?

அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகள் வாங்கிய விலைக்கு மேலே விற்றன. டொலர் 2022இல் 360 ரூபாவைத் தாண்டியது. 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்தது. எல்லோர் மனதிலும் இருந்தது 2019ஆம் வருட விலை. வந்ததோ 300 ரூபா டொலர், புதிய உற்பத்தி வரி, 18 சதவீத வற். இறக்குமதி செய்த வாகனத்தை 90 நாட்களுக்குள் பதிய வேண்டும், இல்லையேல் தண்டம் என்ற விதியும் கூடவே வந்தது. இறக்குமதியாளர் வண்டியை நிறுத்தி வைத்து விலை பார்க்க முடியாது. ஆகவே வண்டி வருமுன்னரே வாங்குபவரைப் பிடித்து முன்பணம் எடுக்கும் வழக்கம் கூடியது.

இங்கேதான் நம் ஆட்கள் உள்ளே போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, மாத்தளைப் பக்கம் உணவுப் பொருள் கடை. 2025 பெப்ரவரியில் கடையின் கொள்முதல் பணத்திலிருந்து பத்து இலட்சத்தை ஒரு காருக்கு முன்பணமாகக் கட்டினார். தனக்கு ஓட்டவல்ல. துண்டை இரண்டு இலட்சம் கூட்டி வேறொருவருக்கு விற்க. றமழான் மார்ச் 2இல் தொடங்கியது. ஈத்தம்பழமும் கடலையும் சீனியும் இறக்க வேண்டிய நேரத்தில் பணம் துண்டாக இருந்தது. வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். வண்டி வர ஆறு மாதமாயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து இலட்சத்தை மாதம் ஒரு சுற்று சுற்றி, சுற்றுக்கு 5 சதவீதம் நின்றால் ஐம்பதாயிரம். ஆறு மாதத்தில் மூன்று இலட்சம். றமழான் மாத விற்பனையை நான் தனியாகச் சேர்க்கவில்லை. அவர் எதிர்பார்த்த இரண்டு இலட்சம் கிடைத்திருந்தாலும் நட்டம்தான். அதுவும் கிடைக்கவில்லை, துண்டை வாங்க ஆள் வரவில்லை.

இதில் பணக் கணக்கோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நான் ஆலிம் அல்ல, கடைக்காரன். ஆனாலும் கையில் இல்லாததை விற்பதை மார்க்கம் தடுத்திருப்பது நாம் எல்லோரும் அறிந்ததே. முன்கூட்டிப் பணம் கொடுத்து வாங்க வழி உண்டு. ஸலம் வியாபாரத்தில் முழு விலையையும் ஒப்பந்த நேரத்திலேயே கொடுக்க வேண்டும், பொருளின் தன்மையும் அளவும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும். சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு இஸ்திஸ்னா உண்டு, அதில் விலையைப் பிரித்துக் கொடுக்கலாம். 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை இதை நிபந்தனைகளோடு ஏற்றது. ஆனால் பொருள் கைக்கு வருமுன் அதை மூன்றாம் ஆளுக்கு இலாபம் வைத்துக் கைமாற்றுவது வேறு விடயம். பெரும்பாலான அறிஞர்கள் அதை அனுமதிக்கவில்லை. வாங்காமல் விட்டால் முன்பணம் போய்விடும் என்ற நிபந்தனையிலும் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹன்பலி மத்ஹபில் இடமுண்டு, நம் ஷாபிஈ மத்ஹபில் இல்லை. துண்டு விற்பவர்கள் ஒருமுறை ஊர் ஆலிமிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது.

மின்சார வாகனம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். அதில் சி.சி.க்குப் பதிலாகக் கிலோவாட். 2025இல் ஒரு சீனக் காரின் மோட்டார் எத்தனை கிலோவாட் என்ற கேள்வியில் சுங்கம் வண்டிகளைத் தடுத்து வைத்து, விடயம் நீதிமன்றம் வரை போனது. முன்பணம் கட்டியவர்கள் அத்தனை நாளும் காத்திருந்தார்கள்.

சொந்தப் பாவனைக்கோ கடைக்கோ வாகனம் தேவைப்பட்டு முன்பணம் கட்டத்தான் வேண்டும் என்றால், துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மொடல் பெயர் மட்டும் போதாது. உற்பத்தி வருடம், என்ஜின் அளவு, தரம், கப்பல் ஏறியதும் செசி இலக்கம், கையளிக்கும் திகதி எல்லாம் வேண்டும். டொலர் என்ன விலைக்குக் கணக்கிடப்பட்டது என்றும் எழுதச் சொல்லுங்கள். பத்தாயிரம் டொலர் வண்டிக்கு டொலர் ஆறு ரூபா ஏறினால் அறுபதாயிரம், அதன் மேல் சுங்கத் தீர்வையும் வற்றும் ஏறும். இடையில் வர்த்தமானி வந்து வரி கூடினால் அது யார் தலையில் என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் ஹாஜியார்' என்று விற்பவர் சிரித்தால், பணத்தைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.

லீசிங்கில் எடுப்பவர்களின் சங்கதி தனி. இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.