கணக்கில் பொய் சொன்னால் கஞ்சியில் குறையும்



"குற்றாலத்துல தண்ணி விழுதா?" என்று யாராவது கேட்டால் தென்காசிக்காரர்கள் நாம் என்ன செய்வோம்? காலையில் ஐந்தருவிக்குப் போய் வந்தவரிடம் விசாரிப்போம். பார்த்தவர் சொல்வதுதான் சேதி. யாரையும் போய்ப் பார்க்க விடாமல், "நான் சொல்றதுதான் உண்மை" என்று ஒருவர் மட்டும் சொன்னால் நம்புவோமா? ஒரு அரசாங்கமே அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, பக்கத்து நாடான இலங்கையில் நடந்தது நமக்குப் பாடம்.

1. பார்க்கிறவர்களை அனுப்பிவிடுவது

வன்னியில் போர் கடுமையானபோது, 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. பத்திரிகைக்காரர்களும் சுதந்திரமாகப் போக முடியவில்லை.

2. கணக்கை மாற்றுவது

2009 பிப்ரவரியில், போர்ப் பகுதியில் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது அரசு. மே மாதம் போர் முடிந்தபோது முகாம்களில் 2,80,000 பேருக்கும் மேல் இருந்தார்கள். முன்பே வந்து சேர்ந்தவர்களைக் கழித்தாலும், சொன்ன கணக்கைப் போல் மூன்று மடங்கு!

வெறும் நம்பர்தானே என்று நினைக்காதீங்க. பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்கு ரேஷன் கார்டில் மூணு பேர்னு எழுதினால் அரிசி எத்தனை பேருக்கு வரும்? அங்கேயும் அதேதான். உணவும் மருந்தும் போதுமான அளவு போகவில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் குண்டு விழுந்து செத்தார்கள். அரசு வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றும் அந்த அறிக்கை கூறியது.

3. நல்ல பெயர் சூட்டுவது

போருக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர். முள்கம்பி வேலிக்குள் மக்களை அடைத்து வைத்த முகாமுக்கு 'நலன்புரிக் கிராமம்' என்று பெயர்.

4. சாட்சியின் வாயை மாற்றுவது

போர்ப் பகுதி ஆஸ்பத்திரியில் கடைசிவரை இருந்து, சாவுகளைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்ன அரசு டாக்டர்கள் மே மாதம் கைதானார்கள். ஜூலையில், காவலில் இருக்கும்போதே நிருபர்கள் முன்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். முன்பு சொன்னது மிகைப்படுத்தியது என்றார்கள். காவலில் இருப்பவர் வேறென்ன சொல்ல முடியும்?

மறுபக்கமும் பொய் இருந்தது. மக்கள் விருப்பப்பட்டே தங்களோடு இருப்பதாகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். ஆனால் தப்பிப் போக முயன்றவர்களைச் சுட்டார்கள் என்பதையும் அதே ஐ.நா. அறிக்கை பதிவு செய்திருக்கிறது. நமக்குப் பிடித்த பக்கம் என்பதற்காகப் பொய் உண்மையாகிவிடாது.

எந்தச் சேதி வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்

* இதை நேரில் பார்த்தவர், எண்ணியவர் யார்?
* வேறு ஆட்கள் போய்ப் பார்க்க அனுமதி உண்டா?
* சொல்பவர் பயமில்லாமல் பேச முடிகிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத சேதியை செல்போனில் அடுத்தவருக்கு அனுப்பாதீங்க. நம் குழுவில் வரவு செலவை எல்லார் முன்னாடியும் வாசித்து, கேள்வி கேட்ட பிறகுதானே கையெழுத்துப் போடுகிறோம்? அதே பழக்கம்தான் இதற்கும்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேச: இந்த மாதம் நம் ஊரில் பரவிய ஒரு சேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.