வேவ்ஃபார்முக்கு முழு மார்க், போர்டில் முட்டை

ரிஸ்க்-வி வகை ஆர்வி32ஐ ப்ராசசர் ஒன்றை வெரிலாகில் நானே எழுதி, பேசிஸ் 3 எஃப்பிஜிஏ போர்டில் ஓட்டியிருக்கிறேன். சி-யில் எழுதிய ப்ரோகிராம் அதில் ஓடி, யூஆர்ட் வழியாக லேப்டாப் திரையில் எழுத்து வந்து விழுந்தது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். அதே தலைப்பை எடுத்த பலர் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டோடு வந்தார்கள். வைவாவில் அவர்களுக்கு என்னைவிட மார்க் அதிகம். அந்தக் கணக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை, கொஞ்சம்தான் தீர்ப்பேன்.

ஆரம்ப வேலைகளைப் பற்றிப் பேச அதிகமில்லை. ஏஎல்யூ, டீகோடர், 32 ரிஜிஸ்டர்கள், ப்ரோகிராம் கவுன்ட்டர். மொத்தமே 40 கட்டளைகள். 8085 லேபில் ஹெக்ஸ் கோடு தட்டிய எவருக்கும் இது புரியும். சிமுலேஷனுக்கு இக்காரஸ், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ், இரண்டுமே இலவசம். போர்டுக்கு சிந்தெசிஸ் செய்யும் விவாடோவை ஹாஸ்டல் வைஃபையில் இறக்க முயலாதீர்கள். சீனியர் அண்ணன் யாரிடமாவது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும்.

என்னை முறித்துப் போட்டது மெமரி. எங்களுக்குத் தந்த லேப் மேனுவலில் மெமரியை ஒரு சாதாரண அர்ரேயாக எழுதி, ரீசெட் வந்ததும் ஃபார் லூப் போட்டு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கச் சொல்லியிருந்தது. முகவரி கொடுத்த அதே கிளாக்கில் கட்டளை கைக்கு வந்துவிடும். சிமுலேஷனில் எல்லாம் சரியாக வந்தது. "சார், போர்டுல போட்டுப் பார்க்கணும்" என்றேன். "வேவ்ஃபார்ம் வந்துருச்சுல்லப்பா? பிரின்ட் எடுத்து ரெக்கார்டுல ஒட்டிட்டு வா" என்றார்.

விடாமல் போர்டுக்குக் கொண்டுபோனேன். சிந்தெசிஸ் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் சிப்பில் இடம் போதாது என்று நின்றது. நான் கேட்டதோ வெறும் 16 கேபி மெமரி. பேசிஸ் 3-இல் இருக்கும் ஆர்டிக்ஸ்-7 35டி சிப்பில் தலா 36 கிலோபிட் கொண்ட பிளாக் ராம்கள் 50 உண்டு. 16 கேபிக்கு அவற்றில் நாலு போதும். ஆனால் ஒரே கிளாக்கில் மொத்தத்தையும் அழிக்கும் வசதி பிளாக் ராமுக்குள் கிடையாது. அந்த ரீசெட் லூப்பைப் பார்த்ததும் டூல் பிளாக் ராமைக் கைவிட்டு, பிட்டுக்கு ஒரு ஃப்ளிப்ஃப்ளாப் வீதம் 1,31,072 ஃப்ளிப்ஃப்ளாப் கட்டப் போய்விட்டது. சிப்பில் இருப்பவை 41,600. இதைச் சொல்லும் வரி ரிப்போர்ட்டில் இருந்தது, நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவில்.

லூப்பை எடுத்தேன். ஆரம்ப மதிப்புகளை ரீட்மெம்ஹெச் கொண்டு ஃபைலிலிருந்து ஏற்றினேன். அப்போதும் பிளாக் ராம் வரவில்லை. காரணம் இன்னும் அடியில் இருந்தது: பிளாக் ராமில் படிப்பதும் கிளாக்கோடு சேர்ந்த வேலை. இந்த கிளாக் விளிம்பில் முகவரி போனால் அதற்குப் பிறகுதான் டேட்டா வெளியே வரும். ஒரே கிளாக்கில் கட்டளையை எடுத்து, புரிந்து, முடித்தும்விடும் மேனுவல் ப்ராசசருக்கு அது ஒத்துவராது. ப்ரோகிராம் கவுன்ட்டரிலிருந்து லோடு கட்டளை வரை எல்லாவற்றையும் கலைத்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அந்த செமஸ்டரின் பாதி இதில் போனது. நான் மேனுவலில் இருந்ததைத்தான் எழுதினேன். பழி என் மேல் இல்லை.

அதனால், ஏஎல்யூவைத் தொடுவதற்கு முன்பே மெமரியை மட்டும் தனியாக எழுதி சிந்தெசிஸ் ஓட்டுங்கள். ரிப்போர்ட்டில் பிளாக் ராம் என்ற வரிசையில் எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் மேலே ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

திரும்ப எழுதும்போது ஐந்து கட்ட பைப்லைன் பக்கம் போகாமல், ஒரு கட்டளைக்குப் பல கிளாக் எடுத்துக்கொள்ளும் ஸ்டேட் மெஷினாக அமைத்தேன். "பைப்லைன்கூட இல்லையா?" என்று இளக்காரமாகக் கேட்டார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் பிகோஆர்வி32-உம் பல கிளாக் எடுப்பதுதான். செர்வ் என்ற ப்ராசசர் ஒரு கிளாக்குக்கு ஒரு பிட்டாகவே கணக்குப் போடும். அளவில் சிறியது என்பதற்காகவே அதைக் கொண்டாடுகிறார்கள். ஓடுகிற மெதுவான ப்ராசசர், ஓடாத வேகமான ப்ராசசரைவிட மேல்.

வெரிலாக் எதற்கு, சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசசரை ப்ளூஸ்பெக் மொழியில்தானே எழுதினார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. ப்ளூஸ்பெக் கம்பைலர் கடைசியில் கக்குவது வெரிலாக்தான். சிசல் மொழியும் அப்படியே. கோளாறு வந்தால் அந்த வெரிலாகைத்தான் பிரித்துப் படிக்க வேண்டும். முதலிலேயே படித்துவிட்டுப் போகலாமே.

இன்னும் இரண்டு குழிகள். எஸ்ஆர்ஏ கட்டளைக்கு மூன்று அம்புக்குறி ஷிப்டை ஒரு டெர்னரிக்குள் எழுதி, மறுபக்கம் சைன் இல்லாத மதிப்பை வைத்தால், மொத்தக் கணக்கும் சைன் இல்லாததாகிவிடும். எதிர்மறை எண்ணில் மேலிருந்து பூஜ்யம் நுழையும். அடுத்தது பிரான்ச் இம்மீடியட். அதன் 11-ஆம் பிட் கட்டளையின் 7-ஆம் பிட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதை மறந்து சைன் பிட்டையே அங்கும் போட்டுவிட்டால், 2 கேபிக்கு மேல் தாவும் நாள்வரை எதுவும் தெரியாது. நாமே எழுதும் சின்ன டெஸ்டுகளில் இவை சிக்காது. ரிஸ்க்-வி டெஸ்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை ஓட்டிவிடுங்கள்.

லேப் மேனுவல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேவ்ஃபார்ம் பிரின்ட்டோடு சிந்தெசிஸ் ரிப்போர்ட்டின் ஒரு பக்கத்தையும் ரெக்கார்டில் ஒட்டச் சொல்லுங்கள். மார்க்கில் பாதியை அந்தப் பக்கத்துக்குப் போடுங்கள்.