அணுக்களின் இடமும் மருந்தின் குணமும்

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருவோர் பலரும் சிஸ்பிளாட்டின் என்னும் பெயரைக் கேட்டிருப்பர். நுரையீரல், கருப்பை வாய், தலை, கழுத்து ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களுக்கு நாங்கள் அளிக்கும் இம்மருந்து, பிளாட்டினம் என்னும் உலோகத்தின் சேர்மமாகும்.

இதன் நடுவில் ஒரு பிளாட்டினம் அணு உள்ளது. அதைச் சுற்றி, சதுரத்தின் நான்கு மூலைகளில், இரண்டு குளோரின்களும் இரண்டு அம்மோனியாக்களும் அமைந்துள்ளன. குளோரின்கள் அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் அது சிஸ்பிளாட்டின். எதிரெதிர் மூலைகளில் இருந்தால் டிரான்ஸ்பிளாட்டின். இரண்டிலும் உள்ள அணுக்கள் ஒன்றே, எடையும் ஒன்றே. ஆயினும் முன்னது புற்றுநோயை ஒடுக்குகிறது. பின்னது மருந்தாகப் பயன்படுவதில்லை.

உயிரணுவுக்குள் குளோரின்கள் கழன்றதும், பிளாட்டினம் டி.என்.ஏ. இழையின் அடுத்தடுத்த இரு இடங்களைப் பற்றி, அதை வளைத்துவிடுகிறது. அவ்விழையைச் சரிவரப் படியெடுக்க இயலாமல் உயிரணு மடிகிறது. படிகத்தின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அணுக்களின் இடத்தை அறியும் முறையால், 1995இல் இந்த வளைவு தெளிவாகப் புலப்பட்டது.

சிஸ்பிளாட்டின் 1845இலேயே விவரிக்கப்பட்ட பொருள். அது உயிரணுப் பிரிவைத் தடுப்பதை 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் குழுவினர் அறிவித்தனர். அந்நாட்டில் மருந்தாக ஒப்புதல் பெற்றது 1978இல். இந்தக் கால இடைவெளியை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இன்று, இரு கரிம வளையங்களுக்கு நடுவே இரும்பு அணுவைக் கொண்ட ஃபெரோசீனைப் பிளாட்டினத்துடன் இணைத்து, அச்சேர்மங்களின் படிக அமைப்பையும் ஆய்வாளர்கள் வெளியிடுகின்றனர். அணுக்கள் எங்கே உள்ளன என்பதைப் படிகம் கூறும். உடல் அப்பொருளைத் தாங்குமா, நோய் தணியுமா என்பதைக் கூறாது. அதற்குப் பல கட்டச் சோதனைகள் தேவை. ஆகவே, புதிய சேர்மம் பற்றிய செய்தியைப் படித்து, நடைபெறும் சிகிச்சையை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ வேண்டா.

சிஸ்பிளாட்டினை உப்புநீரில் கலந்து ஏற்றுவதற்கும் இவ்வமைப்பே காரணம். உப்பிலுள்ள குளோரைடு, மருந்தின் குளோரின்கள் முன்னதாகவே கழலாமல் காக்கிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஏற்றப்படும் நீர் சிறுநீரகத்தைக் காக்கிறது. நேரமாகிறது என்று அதைப் பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வீடு திரும்பிய பின் சிறுநீர் குறைந்தாலும், நீர் அருந்த இயலாதபடி வாந்தி தொடர்ந்தாலும், உடனே எங்களிடம் வாருங்கள். காதில் இரைச்சலோ கை கால்களில் மரமரப்போ தோன்றினால், அடுத்த தவணைக்கு முன் கட்டாயம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை மாற்றவோ வேறு மருந்தைத் தேரவோ அப்போது எங்களால் இயலும்.