இரண்டும் 26 தானே?

கேள்வி: ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். பின் டயர் தேய்ந்துவிட்டது. அளவு 26 x 1 3/8. தம்பியின் கியர் சைக்கிள் டயர் ஒன்று சும்மா கிடக்கிறது, 26 x 1.95. மாட்டலாமா?

பதில்: முடியாது. 26 என்பது வெறும் பெயர். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் உங்களுடையதில் 590 மி.மீ., தம்பியுடையதில் 559. பஞ்சர் கடைக்காரர் நெம்பி ஏற்றுகிறேன் என்றாலும் விடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் பொறித்திருக்கும். அந்த இரண்டாவது எண்ணைச் சொல்லி வாங்குங்கள். முதல் எண் அகலம், ஓரிரு மி.மீ. கூடக்குறைய இருந்தால் பாதகமில்லை. அப்படியே ரிம் டேப்பையும் மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். நைட் ஷிப்டும் உண்டா? பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் கட்டாயம். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் உங்களுக்காக வேகத்தைக் குறைக்கப் போவதில்லை.