மாணவர் விடுதி உணவும் ஊட்டச்சத்தும்

உயர்கல்வி மாணவர்களின் நலன் என்றவுடன் நூலகம், ஆய்வுக்கூடம், உதவித்தொகை ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் அன்றாடம் உண்ணும் உணவு அத்துணை அக்கறையுடன் கருதப்படுவதில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டில் 4.33 கோடிப் பேர் உயர்கல்வி பயின்றனர், அவர்களுள் 2.07 கோடிப் பேர் பெண்கள். எலும்புகள் முழு உறுதி பெறுவதும், வாழ்நாள் முழுவதும் தொடரும் உணவுப் பழக்கங்கள் நிலைபெறுவதும் இப்பருவத்திலேயே ஆகும்.

அரசின் ஊட்டச்சத்துத் திட்டங்களை நோக்கின் ஓர் இடைவெளி புலப்படும். 1975ஆம் ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், கருவுற்ற தாய்மாரையும், பாலூட்டும் தாய்மாரையும் பேணுகிறது. நாடு தழுவிய பள்ளி மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்புடன் முடிகிறது. இவற்றிற்கு இடைப்பட்ட வயதில் பல்கலைக்கழகத்தில் பயில்வோருக்கு விடுதிச் சமையற்கூடமே ஊட்டச்சத்துத் திட்டமாக அமைகிறது எனலாம்.

மறைந்து நிற்கும் குறைபாடு

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கும் அதே வயது ஆண்களில் 31.1 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. இப்புள்ளி விவரம் மாணவர்களை மட்டும் குறிப்பதன்று. எனினும், கல்லூரியில் புதிதாகச் சேர்வோர் இவ்வயதினரிடமிருந்தே வருகின்றனர். ரத்தசோகை உள்ளவர் விரைவில் களைப்படைவர், கவனம் சிதறும். இக்களைப்பு சோம்பல் என்றும், படிப்பில் நாட்டமின்மை என்றும் தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. பிற்காலத்தில் இப்பெண்கள் தாய்மையடையும்போது இக்குறைபாடு தாயையும் சேயையும் பாதிக்கும்.

வயிறு நிறைய உண்பவர்க்கும் இக்குறை ஏற்படுவது எங்ஙனம்? தீட்டிய அரிசியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் இது விளங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 55 கிலோ எடையுள்ள, கடின உழைப்பில் ஈடுபடாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,660 கலோரி எரிசக்தியும், 46 கிராம் புரதமும், 29 மில்லிகிராம் இரும்புச் சத்தும் தேவை. 300 கிராம் அரிசி ஏறத்தாழ 1,070 கலோரி அளிக்கிறது. எரிசக்தித் தேவையில் மூன்றில் இரு பங்கு இதனால் நிறைவேறுகிறது. ஆனால் அதில் கிடைக்கும் புரதம் 24 கிராம்; இரும்புச் சத்தோ 2 மில்லிகிராம் மட்டுமே. பசி தணிகிறது, இரும்புத் தேவையில் பதினைந்தில் ஒரு பங்கே நிறைவேறுகிறது. உடன் பரிமாறப்படும் குழம்பு நீர்த்தும் காய்கறி சிறிதளவாகவும் இருப்பின் எஞ்சிய தேவை நிறைவேற வழியில்லை.

பழக்கங்களால் பெருகும் குறை

காலை வகுப்புக்கு விரையும் மாணவர்கள் பலர் காலை உணவைத் தவிர்க்கின்றனர். இடைவேளையில் தேநீரும் பிஸ்கட்டும் அல்லது எண்ணெயில் பொரித்த பண்டமும் அதனை ஈடுசெய்கின்றன. இவற்றில் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி. பிற சத்துகள் குறைவு. உணவுடனோ உண்டவுடனோ தேநீர் அருந்துவதால் மற்றொரு தீங்கும் விளைகிறது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. இதற்கு மாறாக, எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் 'சி' அச்சத்து உடலில் சேரத் துணைபுரிகிறது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் தேநீரைத் தவிர்த்தல் செலவில்லாத சீர்திருத்தமாகும்.

சமையற்கூடத்தில் செய்யத்தக்கவை

சத்துணவு விலையுயர்ந்த உணவாகத்தான் இருக்கவேண்டும் என்பது தவறான எண்ணம். தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. ஆகவே கிச்சடி, பொங்கல், சப்பாத்தியும் பருப்பும், சோறும் சாம்பாரும் போன்ற பழக்கமான உணவுகள், பருப்பு போதிய அளவில் இருப்பின், தரமான புரதத்தை அளிக்க வல்லவை. நாளொன்றுக்கு 50 கிராம் பருப்பு கூடுதலாகச் சேர்ப்பின் ஏறத்தாழ 11 கிராம் புரதம் கிடைக்கும்.

நூறு கிராம் கம்பில் இரும்புச் சத்து 6 மில்லிகிராமுக்கும் அதிகம். அதே அளவு கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 360 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச் சத்து 8 மில்லிகிராம் அளவே. வாரத்தில் சில வேளைகள் சிறுதானிய உணவு, மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது வேர்க்கடலை, அன்றாடம் கீரை அல்லது காய்கறி, வாய்ப்புள்ள இடங்களில் முட்டை என மாற்றங்களைப் படிப்படியாகப் புகுத்தலாம். பல மாநில மாணவர்கள் கூடி வாழும் விடுதிகளில் அவரவர் வட்டார உணவுக்கும் இடமளித்தால், வெளியுணவை நாடும் போக்கு குறையும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

கல்வி நிலைய வளாகங்களில் சத்துக்குறைந்த நொறுக்குத் தீனி விற்பனையைத் தடுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2016லும் 2018லும் அறிவுறுத்தியது. தடையுடன் மாற்று உணவும் கிடைக்கச் செய்தாலன்றி இத்தகைய அறிவுரை பயன் தராது. உணவு ஒப்பந்தங்களைக் குறைந்த விலையை மட்டும் நோக்கி முடிவு செய்தால், விலை ஏறும்போது முதலில் குறைவன பருப்பும் காய்கறியுமே. ஆதலால் ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு இத்தனை கிராம் பருப்பு, இத்தனை கிராம் காய்கறி என ஒப்பந்தத்திலேயே வரையறுத்தல் வேண்டும். மாணவர் உணவுக் குழுவினர் அந்த அளவைத் தாமே சரிபார்க்க உரிமை பெறல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஹீமோகுளோபின் பரிசோதனை நடத்தி, குறையுள்ளோருக்கு மருத்துவ ஆலோசனையின் பேரில் இரும்புச் சத்து மாத்திரை வழங்குதலும் அவசியம்.

கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் செலவிடப்படும் பொருள் முழுப்பயன் தரவேண்டுமாயின், அவற்றைப் பயன்படுத்தும் இளைஞர் உடல்வலிவுடன் இருத்தல் வேண்டும். மாணவர் தட்டில் சேரும் ஒரு கரண்டிப் பருப்பும் ஒரு பிடி கீரையும் கல்விக்கான முதலீடே என்பதை விடுதிக் காப்பாளரும் நிதி அலுவலரும் உணர்தல் நலம்.