சாக்லேட் வைத்திருந்த சிப்பாய்

போர் நாடகம் என்றதும் கத்திச் சண்டையும் வீர வசனமும்தான் நமக்கு ஞாபகம் வரும். போரை வைத்துச் சிரிக்கச் சிரிக்க ஒரு காதல் நாடகம் எழுத முடியுமா? ஜார்ஜ் பெர்னார்ட் ஷா எழுதியிருக்கிறார். பெயர் ‘ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்’, அதாவது ஆயுதங்களும் மனிதனும். 1894 ஏப்ரல் 21 அன்று லண்டனில் முதலில் மேடையேறியது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ஆசைக்காக நடிக்கும் அமெச்சூர் குழுக்களுக்கு ஏற்ற நாடகம் இது.

கதை நடக்கும் காலம்

1885 நவம்பரில் செர்பியா பல்கேரியா மீது போர் தொடுத்தது. ஸ்லிவ்னிட்சா என்ற இடத்தில் 3 நாள் நடந்த சண்டையில் பல்கேரியா வென்றது. கதை அந்த நாட்களில்தான் தொடங்குகிறது.

கதைச் சுருக்கம்

ரெய்னா பல்கேரியப் பெண். அவளுக்கு நிச்சயமான செர்ஜியஸ், குதிரைப் படையோடு எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் மேலேயே பாய்ந்து ஜெயித்தவன். அவள் அவனைத் தெய்வமாக நினைக்கிறாள். அன்று இரவு எதிரிப் படையிலிருந்து தப்பி ஓடிவந்த புளுன்ட்ஷ்லி அவள் அறைக்குள் நுழைகிறான். பசி, தூக்கம், பயம்! அவன் துப்பாக்கியில் தோட்டா இல்லை. தோட்டாவுக்குப் பதில் சாக்லேட் எடுத்துப் போகிறவன் அவன். செர்ஜியஸ் எப்படி ஜெயித்தான் என்பதும் அவன் வாயால் தெரிகிறது. எதிரிகளுக்குத் தவறான தோட்டாக்கள் வந்துவிட்டன, அவ்வளவுதான்! கடைசியில் ரெய்னா புளுன்ட்ஷ்லியை மணக்கிறாள். வேலைக்காரி லூக்கா செர்ஜியஸை மணக்கிறாள்.

மேடையேற்ற என்ன வேண்டும்?

1. நடிகர்கள் 8 பேர் போதும். ஆண் 5, பெண் 3.
2. அங்கம் 3. படுக்கையறை, தோட்டம், நூலக அறை. போர்க்களமே கிடையாது!
3. முக்கியப் பொருள்கள்: சாக்லேட், துப்பாக்கி, பழைய கோட்டு, ஒரு போட்டோ. கோட்டுப் பையில் போட்டோவை வைக்க மறந்தால் மூன்றாம் அங்கம் அப்படியே நின்றுவிடும். அதனால் பொருள்களுக்கென்று ஒருவர் பொறுப்பாக இருக்கணும்.
4. ஷா 1950இல் இறந்தார். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. ஆகவே ஷா எழுதிய மூல நாடகத்தை இங்கே பணம் கட்டாமலே நடிக்கலாம்.

நடிப்பவர்கள் கவனிக்க

சிரிப்பு நாடகம்தானே என்று சேட்டை செய்தால் நாடகம் கெட்டுப்போகும். புளுன்ட்ஷ்லி நிஜமாகவே பசித்தவன் மாதிரி சாப்பிடணும், நிஜமாகவே பயப்படணும். அப்போதுதான் சிரிப்பு வரும். மூன்றாம் அங்கத்தில், அவனுடைய நண்பன் மரக்கிடங்கில் குண்டு பட்டு நகர முடியாமல் தீயில் கருகிய செய்தியைச் சொல்கிறான். முதலில் அந்தப் பயத்தைப் பார்த்து நாம் சிரித்திருப்போம். அந்தப் பயம் ஏன் என்று இங்கேதான் புரியும். இந்த இடத்தை அவசரமாகப் பேசிவிட்டுப் போகக் கூடாது.

ரெய்னாவைப் பொம்மை மாதிரி நடிப்பதும் தப்பு. வீட்டைச் சோதனை போட வந்த அதிகாரியிடம், இங்கே யாரும் இல்லை என்று துணிந்து பொய் சொன்னவள் அவள். பிடிபட்டவனைக் கொன்றிருப்பார்கள். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஓர் உயிரைக் காப்பாற்றினாள்.

சிந்திக்க: செர்ஜியஸ், புளுன்ட்ஷ்லி, ரெய்னா, இந்த மூவரில் உண்மையான வீரர் யார்? நான் ரெய்னா என்கிறேன். நீங்கள் யாரைச் சொல்வீர்கள்?

- 9ஆம் வகுப்பு மாணவி