மக்கும் மரத்தில் வேலை தொடங்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மக்கும் மரத்திலிருந்து பாக்டீரியா பிரிக்கும் வேலை உன் கைக்கு வந்திருக்கிறது. முதல் தட்டை ஊற்றுமுன் மெத்திலோவிர்குலா லிக்னியின் கதையைக் கேட்டுக்கொள். பூஞ்சை பிடித்த பீச் (beech) மரத்துண்டில் கிடைத்த இந்தக் குட்டிக் கோல் வடிவ பாக்டீரியா, 2009இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பிஎச் 3.1 முதல் 6.5 வரைதான் வளரும், 4.5, 5 என்றால் செழிக்கும். நடுநிலையான 7இல் அசையாது.

மரத்துண்டில் அந்த அமிலப் புளிப்பு எங்கிருந்து வந்தது? அதே துண்டில் குடியிருந்த ஹைஃபோலோமா ஃபாசிகுலாரே என்ற வெள்ளழுகல் பூஞ்சையின் கைவேலை அது. கந்தக மஞ்சளில் கொத்துக் கொத்தாய்க் குடை விரிக்கும் காளான். நெதர்லாந்து ஆய்வாளர்கள், காட்டுமண் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியேறியிருந்த பீச் துண்டுகளுக்குள் இதை விட்டுப் பார்த்தார்கள். நான்கே வாரத்தில் பாக்டீரியா எண்ணிக்கை சரிந்தது. பூஞ்சை நஞ்சு கக்குகிறதோ என்று தேடினார்கள், தடயம் இல்லை. மரம் புளித்ததுதான் காரணம். பிஎச் 4க்குக் கீழே இறங்கியதும் அதுவரை அங்கே கோலோச்சியவை மடிந்தன. புளிப்பில் வாழத் தெரிந்தவற்றுக்கு இடம் கிடைத்தது.

சாப்பாடும் பக்கத்திலேயே. மரத்தின் லிக்னினில் மெத்தாக்ஸி தொகுதிகள் நிறைய. அவை அறுபடும்போது மெத்தனால் வெளிவரும். மெத்தனால் என்றால் நமக்கு விஷச்சாராயச் சாவுதான் நினைவுக்கு வரும். மெத்திலோவிர்குலா அதைத் தின்றே வளரும்.

ஆகவே கல்லூரியில் கை பழகிய நியூட்ரியன்ட் அகாரையும் 37 டிகிரி இன்குபேட்டரையும் ஒதுக்கி வை. அந்த வெப்பம் மனித உடம்பில் வாழும் கிருமிகளுக்கு ஏற்றது. மெத்திலோவிர்குலாவுக்குப் பிடித்தது 20 முதல் 24 டிகிரி. 30ஐத் தாண்டினால் வளராது. சித்திரை வெயிலில் நம் ஊர் ஆய்வக மேசையின் சூடே அதிகம்.

ஊடகத்தைக் கொழுக்க வைக்காதே. மெத்திலோவிர்குலாவை விவரித்த குழுவில் இருந்த ரஷ்ய ஆய்வாளர் ஸ்வெத்லானா தெதிஷ், 1998இல் புளித்த பீட் சதுப்பிலிருந்து மீத்தேன் உண்ணும் பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டினார். அதற்கு உதவியது சதுப்பு நீரைப் போலவே உப்பு குறைந்த, நீர்த்த ஊடகம். மெல்போர்னில் பீட்டர் ஜான்சன் குழு நியூட்ரியன்ட் பிராத்தை நூறில் ஒரு பங்காக நீர்க்கவைத்து, தட்டுகளை வாரக்கணக்கில் விட்டுவைத்து, யார் கைக்கும் எளிதில் சிக்காத அசிடோபாக்டீரியாவை மண்ணிலிருந்து எடுத்தது. மூன்றாம் நாளே தட்டுகளைக் குப்பையில் போடும் அவசரக்காரர்களுக்கு அது கிடைத்திருக்காது.

அகார் விஷயத்தில் கவனம். அமிலத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்த அகார் சிதைந்துவிடும்; ஆறிய பிறகும் கூழாகத் தளும்பும், தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் வழியும். இரண்டையும் தனித்தனிக் குடுவையில் கிருமி நீக்கி, பிறகு கலக்கு. அல்லது ஜெல்லன் கம்முக்கு மாறு. அது இறுகக் கொஞ்சம் கால்சியமோ மெக்னீசியமோ வேண்டும். சூடு தணிந்ததும் சட்டென்று உறையும், ஆகவே ஊற்றும்போது கை சுணங்கக் கூடாது.

மெத்தனால் தட்டில் குண்டூசித் தலை அளவுக்குக் காலனி தெரிந்ததும் துள்ளிக் குதிக்காதே. ஊடகத்தில் ஒட்டிவந்த சொற்பக் கரிமத்திலேயே பிழைத்துக்கொள்ளும் பாக்டீரியாக்கள் உண்டு. அதே காலனியை மெத்தனால் சேர்க்காத தட்டிலும் தேய்த்து, இரண்டையும் ஒரே இன்குபேட்டரில் அடுத்தடுத்து வை. இரண்டிலும் ஒரே மாதிரி வளர்ந்தால், அது மெத்தனால் தின்கிறது என்று நோட்டில் எழுதிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்